வெங்காயத்துக்கு ஒரு பெவிலியன்

வீட்டை அழகு பண்ணித் தர்றது ஒரு விநோதமான தொழில்: நம்மளைக் கூப்பிடுற ஒவ்வொருத்தருக்கும் அந்தத் தொழில் நம்மளைவிட நல்லாத் தெரியும்.

சுவத்துக்குக் கலர் பார்க்கப் போய் மூணு நாள் பேசாம இருந்த புருசன் பொண்டாட்டிங்க இதைப் படிச்சுக்கிட்டிருப்பீங்க. ஒரு செடித் தொட்டியை எங்க வைக்கிறதுன்னு சண்டை போட்டு, கடைசியில பாத்ரூம் வாசல்ல வச்சவங்களும் இருப்பீங்க. உங்களுக்காகத்தான் எழுதுறேன். நாமெல்லாம் ஒரே வண்டியில அடிபட்டவங்க.

என் பேரு சுமதி. பெரம்பலூர்ல ஒரு தனியார் பள்ளிக்கூடத்துல பதினோரு வருசம் டிராயிங் டீச்சரா இருந்தேன். போன வருசம் டிராயிங் பீரியடை எல்லாம் தூக்கிக் கணக்குக்குக் குடுத்துட்டு, என்னையும் வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. போங்கடான்னு நானே ஒரு பலகையில "வீடு, தோட்டம் அழகு செய்து தரப்படும்"னு எழுதி வாசல்ல மாட்டிட்டேன். வேலை போனாலும் டீச்சர்ங்கற பேரு மட்டும் போகல.

இந்தக் கோடையில அதே பள்ளிக்கூடத்துலேருந்து போன் வந்துச்சு. டிராயிங்குக்கு இல்ல, அட்மிஷன் வேலைக்கு. வெயில்ல தெருத் தெருவா ஏறி இறங்கி, "உங்க பையனை எங்க ஸ்கூல்ல சேருங்க"ன்னு பிள்ளை பிடிக்கணும். சித்திரை முடியறதுக்குள்ள பதில் சொல்லணுமாம். என் வீட்டுக்காரர் செந்தில் பம்பு செட் மெக்கானிக், நல்ல மனுசன். "அதுக்குள்ள உருப்படியா இன்னொரு வீட்டு வேலை வந்தா இந்தத் தொழிலையே பாரு. வரலைன்னா ஸ்கூலுக்குப் போயிடு"ன்னு சொல்லிட்டார். அதனால நான் சிரிச்சுக்கிட்டே இதையெல்லாம் எழுதினாலும், கடைசிக் கதை நடந்தப்ப இந்தக் கெடு தலைக்கு மேல தொங்கிக்கிட்டிருந்துச்சுங்கறதை மனசுல வச்சுக்கிட்டுப் படிங்க.

குளிர் காய ஒரு ஹால்

போன வருசம் பலகை மாட்டினதும் முதல் வேலை குடுத்தவர் தாலுகா ஆபீஸ்ல இருக்கற ஒரு சார். துறையூர் ரோட்டுல புது வீடு. "ஹால் எப்படி இருக்கணும்னு மனசுல ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?"னு கேட்டேன். அவர் தன் சம்சாரத்தைக் கை காட்டினார். அந்தம்மா போனைக் கை காட்டினாங்க. போன்ல ஒரு முன்னூறு படம். ஒரு படத்துல ஜப்பான்காரன் தரையில உக்காந்திருக்கான், அடுத்த படத்துல ராஜஸ்தான் அரண்மனை, அதுக்கடுத்து ஜன்னலுக்கு வெளிய பனி கொட்டுது. எல்லாமே அந்த ஒரு ஹாலுக்குத்தான் வேணுமாம்.

நான் விரலால தள்ளித் தள்ளி ஒரு படத்துல வந்து நின்னேன். சுவத்துல ஒரு பொந்து, அதுக்குள்ள விறகு எரியுது, முன்னாடி ஒரு நாய் சொகமாத் தூங்குது. "இதுதான் டீச்சர், இதுதான் எனக்கு உசிரு"ன்னாங்க அந்தம்மா. அப்ப அக்னி நட்சத்திரம். மேல ஃபேன் சுத்துறது அடுப்பை ஊதி விடுற மாதிரி இருக்கு. எனக்கு முதுகுல வேர்வை ஓடுது, அந்தம்மா புடவைத் தலைப்பால விசிறிக்கிட்டே பேசுறாங்க.

"மேடம், இந்த ஊர்ல அடுப்படிக்குப் போகவே பயமா இருக்கு, ஹால்ல எதுக்குங்க இன்னொரு அடுப்பு?"ன்னு பக்குவமாத்தான் கேட்டேன். அந்தம்மா முகம் சுண்டிப் போச்சு. சார் சம்சாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கொஞ்ச நேரம் தாடையைச் சொறிஞ்சார். ரெண்டு பக்கமும் மனசு நோகாம ஒரு தீர்ப்பு சொன்னார்.

"நெருப்பு வேணாம் டீச்சர். அந்தக் குளிர் காயற ஃபீலிங்கை மட்டும் குடுத்துருங்க, போதும்."

தூசி கலர்

ரெண்டாவது வேலை அரியலூர்ல. சுண்ணாம்புக்கல் லாரி ஓடுற ரோட்டு மேலயே வீடு. வீட்டுக்காரரும் லாரி வச்சிருக்கறவர்தான். நான் அப்ப ரொம்பத் தெளிவா இருக்கேன்னு நினைச்சுக்கிட்டிருந்த காலம். வெளிச் சுவரெல்லாம் பால் வெள்ளை, முன்னாடி வரிசையாக் கரும்பச்சை இலைச் செடி, பார்த்தா கண்ணுக்குக் குளுமையா இருக்கும்னு படம் போட்டுக் காட்டினேன். அவங்களும் தலையாட்டிட்டாங்க. வேலை முடிஞ்ச அன்னிக்கு நானே எதிர்ப்பக்கம் நின்னு அரை மணி நேரம் ரசிச்சேன். என் புத்தியை நானே மெச்சிக்கிட்டேன், அந்தப் பாவத்தை ஏன் மறைக்கணும்.

பத்து நாள் கழிச்சுப் போய்ப் பார்த்தா எனக்கு வீடே அடையாளம் தெரியல. சுவரு சாம்பல். இலையும் சாம்பல். வாசப்படியில படுத்திருந்த கருப்பு நாயும் சாம்பல். வீட்டுக்காரம்மா ஒரு ஈரத் துணியை வச்சுக்கிட்டு ஒவ்வொரு இலையா, பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிற மாதிரி துடைச்சுக்கிட்டிருக்காங்க. அவங்க இந்த வரிசை முடிக்கறதுக்குள்ள அந்தக் கோடியில மறுபடி படிஞ்சிடுது. எனக்கு அப்படியே திரும்பிப் போயிடலாமான்னு இருந்துச்சு.

போகல. அங்கேயே உக்காந்து யோசிச்சேன். ஜன்னல் கட்டையிலேருந்து அந்தத் தூசியை ஒரு பேப்பர்ல வழிச்சு எடுத்துக்கிட்டு பெயின்ட் கடைக்குப் போய், "இந்தக் கலர் கலக்கிக் குடுங்க"ன்னேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்துட்டுக் கலக்கிக் குடுத்தார். சுவத்துக்கு அதையே அடிச்சோம். செடியை எடுத்துட்டுக் காகிதப்பூக் கொடியை ஏத்தினோம். அதுக்கு இலை எப்படிப் போனாலும் பூ கண்ணைப் பறிக்கும். இன்னிக்கு வரைக்கும் அந்த வீடு புதுசு மாதிரியே நிக்குது. ஆனா அதை வீட்டுக்காரர் நாலு பேருக்கு எப்படிப் பெருமையாச் சொல்றார்ங்கறதைத்தான் நான் யார்கிட்டயும் சொல்றதில்ல.

"நம்ம டீச்சர் வூட்டை முன்னாடியே அழுக்காக்கிட்டாங்க, இனிமே எவன் லாரி வந்து என்ன பண்ண முடியும்!"

துவைக்கிற கல்லு

அரியலூர்ப் பக்கத்துக் கிராமத்துல ஒரு உரக்கடைக்காரர். கார் நிறுத்துற இடத்துக்குப் பக்கத்துல சின்னதா ஒரு தோட்டம் கேட்டார். நடுவுல வைக்க ஒரு பொருள் தேவைப்பட்டுச்சு. அவர் புத்தர் தலை வைக்கலாம்னார். இந்த ரெண்டு மாவட்டத்துலயும் வீட்டுக்கு ஒரு புத்தர் தலை இருக்கு, உடம்பு எங்க போச்சுன்னு ஒருத்தரும் கேக்கறதில்ல. நான் வேணாம்னுட்டு அவர் கொல்லைப் பக்கம் சுத்திப் பார்த்தேன். கிணத்தடியில துணி துவைக்கிற கல்லு கிடந்துச்சு. பெரட்டிப் பார்த்தா, அடிப்பக்கம் அழகா நத்தை சுருண்ட மாதிரி ஒரு அடையாளம். அந்தப் பக்கமெல்லாம் ஒரு காலத்துல கடலா இருந்துச்சாம், இப்படிக் கல்லாப் போன நத்தை சிப்பியெல்லாம் வயல்ல கிடைக்கும்னு பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கே தெரியும்.

எனக்குத் தலைகால் புரியல. கல்லைக் கழுவி, சுருள் தெரியற மாதிரி நிமித்தி, சுத்தி வெள்ளைக் கூழாங்கல்லு பரப்பி, பின்னாடி ரெண்டு செம்பருத்தி வச்சேன். காசு குடுத்து வாங்காத பொருள்ல இவ்வளவு அழகான்னு உரக்கடைக்காரரே அசந்துட்டார். அதுவரைக்கும் அந்த வீட்டுப் போர்வை, பாவாடை எல்லாத்தையும் முதுகுல வாங்கிக்கிட்ட கல்லு அது.

முதல் செவ்வாக்கிழமை யாரோ ஒரு அம்மா போற போக்குல மஞ்சள் வச்சாங்க. வெள்ளிக்கிழமை குங்குமம், எலுமிச்சம்பழம். மூணாவது வாரம் ஒரு மஞ்சப் புடவை கட்டி, முன்னாடி ஒரு சூலம் நட்டாச்சு. சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போறவங்க கூட பஸ் ஏறறதுக்கு முன்னாடி இங்க ஒரு சூடம் கொளுத்திட்டுப் போறாங்களாம். நான் போய் நின்னப்ப ஒரு பொம்பளை எனக்கே விபூதி குடுத்தாங்க, வாங்கிப் பூசிக்கிட்டேன். உரக்கடைக்காரர் காரைத் தெருவுல நிறுத்திட்டு, சொந்த வீட்டு வாசல்ல செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டு நின்னார்.

"தோட்டம் கேட்டேன், கோயில் கட்டிட்டீங்க டீச்சர். சாமி பரவால்ல, எங்க வூட்டுல துணி எங்க துவைக்கிறது?"

மலரைக் கேட்டது

இனி வர்றதுதான் முக்கியமானது. மாசி மாசம் பூலாம்பாடியிலேருந்து ஒரு அழைப்பு. பெரிய வீடு, பின்னாடி அகலமா இடம். வீட்டுக்காரர் குமார் சிங்கப்பூர்ல இருக்கார். வீட்டுல அவர் மனைவி மலர், ஒரு சின்னப் பொண்ணு, மலரோட மாமனார், அவ்வளவு பேர்தான். மாமனாரை ஊர்ல எல்லாரும் பெரியவர்னுதான் சொல்றாங்க. சின்ன வெங்காயம் போடுற சம்சாரி, வேட்டியை மடிச்சுக் கட்டினா வயலுக்குப் போயிடுவார், பேச்சுக்கு நிக்க மாட்டார்.

குமார் வீடியோ கால்ல வந்துட்டார். மலர் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நடக்க, நான் பின்னாடி நடக்க, அவர் அங்கேருந்தே தோட்டத்தை அளந்தார். இங்க அருவி, இங்க பிளாஸ்டிக் புல்லு, அந்த மூலையில புத்தர். போனை வலது பக்கம் திருப்பு, இல்ல இடது பக்கம், கொஞ்சம் மேல தூக்குன்னு பொண்டாட்டியை ஆட்டி வச்சார். மலரு கையி வலிச்சு மாத்தி மாத்திப் பிடிச்சுக்கிட்டிருந்துச்சு. நடுவுல நான், "நீங்க சொல்லுங்க மலரு, உங்களுக்கு என்ன வேணும்?"னு கேட்டேன். "எனக்கு ஒண்ணும் வேணாம் டீச்சர்"னு சொல்லுச்சு. "அவளுக்கு என்ன தெரியும்?"னு போன் சிரிச்சுச்சு.

அவர் லைனைக் கட் பண்ணினதும் நான் டேப்பைச் சுருட்டிக்கிட்டிருந்தேன். மலர் போனை இடுப்புல சொருகிக்கிட்டு, வாசப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்துட்டு, ரொம்ப மெதுவாச் சொல்லுச்சு. வாக்கப்பட்டு வந்த எட்டு வருசமா யாராவது கேப்பாங்கன்னு காத்துக்கிட்டிருந்த பேச்சு அதுன்னு எனக்கு அப்பவே புரிஞ்சுபோச்சு.

"ஒக்காந்து ஒரு டீ குடிக்க இடம் வேணும் டீச்சர். இந்த வூட்டுல நான் நின்னுக்கிட்டேதான் குடிக்கிறேன்."

ஐடியா வந்த பஸ்

செஞ்சு குடுத்துடறேன்னு வாக்குக் குடுத்துட்டு வந்துட்டேன். ஆனா என்ன செய்யறது? போனைத் தடவினேன், பழைய புத்தகத்தைப் பெரட்டினேன், நாலு ராத்திரி படம் வரைஞ்சு கிழிச்சுப் போட்டேன். எல்லாமே கல்யாண மண்டபத்து மேடை மாதிரியே வருது. அந்தச் சித்திரவதை தெரிஞ்சவங்களுக்குத்தான் தெரியும்.

அஞ்சாம் நாள் அரும்பாவூர் பஸ்ல ஜன்னல் ஓரம் உக்காந்து போறேன். வயலுக்கு வயல் வெங்காயப் பட்டறை. வெளியூர்க்காரங்களுக்குச் சொல்றேன்: விதை வெங்காயம் அழுகாம இருக்க இந்தப் பக்கம் போடுற கொட்டகை அது. கல்லை அடுக்கித் தரையைத் தூக்கி, நாலு பக்கமும் காத்து போற மாதிரி குச்சியால அடைச்சு, மேல கீத்து வேய்ஞ்சிருப்பாங்க. அன்னிக்கு ஒரு காலிப் பட்டறைக்குள்ள சாயந்தர வெயில் கோடு கோடா விழுந்துக்கிட்டிருந்துச்சு பாருங்க, ஆகா! உள்ள ஒரு நாற்காலி போட்டு ஒரு ஆளை உக்கார வச்சா எவ்வளவு அழகா இருக்கும்! பஸ்ஸுலயே டிக்கெட்டுக்குப் பின்னாடி கிறுக்க ஆரம்பிச்சிட்டேன்.

அருவியைக் கேட்ட குமார்கிட்ட, "இதுக்குப் பேரு கார்டன் பெவிலியன் சார், இப்ப சிங்கப்பூர்லயே இதான் ஓடுது"ன்னு ஒரு பொய்யை அவுத்து விட்டேன். மடங்கிட்டார். அரும்பாவூர் தங்கராசு ஆசாரிதான் வேலை. சவுக்குக் கம்பு இழைச்சு, ஒவ்வொரு சந்தும் ஒரே அளவா வச்சு, அசத்திட்டார். முடிச்ச அன்னிக்கு வெத்தலையை மென்னுக்கிட்டே சுத்தி வந்து பார்த்தார். "டீச்சர், இது பட்டறைதானே?"ன்னார். பதறிப்போய், "இல்லீங்க, பெவிலியன்"னேன். அவர் உளியைத் துடைச்சுப் பையில போட்டுக்கிட்டார்.

"சரி, பெவிலியன்னே இருக்கட்டும். ஆனா வெங்காயத்துக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க."

பெரியவர் தந்த சர்டிபிகேட்

செடி வைக்க ஒரு வாரம் கழிச்சுப் போனேன். பெவிலியனுக்கு வெளிய, வெயில்ல, ரெண்டு நாற்காலி கிடந்துச்சு. உள்ள எட்டிப் பார்த்தேன். தரையிலேருந்து இடுப்பு உசரத்துக்கு வெங்காயம். சந்து சந்தா வெயில் விழுது, வெங்காயத்து மேல. ரொம்ப அழகாத்தான் இருந்துச்சு, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்புச்சு.

சண்டைக்கே கிளம்பிட்டேன். அதுக்குள்ள பெரியவர் ஓடி வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டார். பேச்சுக்கே நிக்காத மனுசன்னு சொன்னேனே, அவர் கண்ணு கலங்கியிருக்கு. வயல்ல இருக்கற பட்டறைக்கு நடக்க முடியல, வூட்டுக்கிட்ட ஒண்ணு போட்டுக் குடுடான்னு மகன்கிட்ட எத்தனையோ வருசமாக் கேக்கறாராம், அவன் காதுலயே போட்டுக்கலையாம். போன தடவை விதை வெங்காயம் மழையில பாதி அழுகிப் போச்சாம். இந்தத் தடவை ஒரு வெங்காயம் கெடாதாம். கொண்டு வந்த சண்டையை நான் அப்படியே மடிச்சு வச்சுட்டேன். இந்த மனுசன் மூஞ்சியைச் சுளிச்சா அந்த வட்டாரத்துல எனக்கு அடுத்த வேலை கிடைக்காதுங்கற பயம் ஒரு பக்கம் இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது. திரும்பினா மலர் அடுப்படி வாசல்ல டம்ளரோட நின்னுக்கிட்டிருக்கு. நின்னுக்கிட்டேதான் குடிக்குது. "கொஞ்ச நாள் பொறுத்துக்க மலரு, நான் பேசுறேன்"னேன். மூணு வாரம் ஆகியும் பேசல. எனக்கு மட்டும் பெரியவர் வாயால ஊரெல்லாம் புகழ்.

"படிச்சவங்க எத்தினியோ பேரு வந்து போனாங்க, நீங்க ஒருத்தர்தான் டீச்சரம்மா வெங்காயத்தோட கஷ்டத்தைப் புரிஞ்சுக்கிட்டீங்க!"

டாக்டரம்மா வந்தாங்க

சித்திரை கடைசி ஞாயித்துக்கிழமை. திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்குப் பதில் சொல்லணும். அப்பப் பார்த்து, தூசி கலர் வீட்டைப் பார்த்த அரியலூர்ப் பல் டாக்டரம்மா ஒருத்தங்க, தன் புது வீட்டுக்கும் தோட்டம் வேணும், நீங்க செஞ்ச ஒண்ணைக் காட்டுங்கன்னு கேட்டாங்க. காட்டறதுக்கு என்கிட்ட என்ன இருக்கு? கோயிலையா காட்ட முடியும்? பூலாம்பாடிதான்.

பெரியவர்கிட்ட ஓடினேன். "ஒரே ஒரு நாள் வெங்காயத்தை எடுத்துக்கலாமாங்க? பெரிய டாக்டர் வராங்க"ன்னேன். "அதுக்கென்ன டீச்சரம்மா!"ன்னு அவரே கூடை தூக்கினார். நானும் புடவையை இழுத்துச் சொருகிக்கிட்டுத் தூக்கினேன். மலரும் தூக்குச்சு. எல்லாத்தையும் முன்பக்கப் போர்ட்டிகோவுல கொட்டினோம். பத்து மணிக்குள்ள பெவிலியன் பளிச்சுனு ஆயிடுச்சு. ரெண்டு நாற்காலி, ஒரு முக்காலி, ஒரு சோடா பாட்டில்ல செம்பருத்தி. மலரு முகம் கழுவி, நல்ல புடவை கட்டி, உள்ள வந்து உக்காந்துச்சு. உக்காந்து அந்தச் சவுக்குக் கம்பைத் தடவிப் பார்த்துச்சு.

டாக்டரம்மா வந்தாங்க. எதிர் நாற்காலியில உக்காந்தாங்க. காத்து சந்து வழியா வருது, வெயில் கோடு கோடா மடியில விழுது. "ரொம்பப் பிடிச்சிருக்கு டீச்சர்"னாங்க. எனக்குக் காலு தரையில நிக்கல. அப்புறம் அந்தம்மா டீயை எடுத்துக்கிட்டு, சும்மா பேச்சுக்கு, "குடுத்து வச்சவங்க நீங்க. தினம் இங்கதான் டீ குடிப்பீங்களா?"ன்னு மலரைக் கேட்டாங்க. மலர் என்னைப் பார்த்துச்சு. ஆமான்னு சொல்லித் தொலைச்சுடும்மான்னு நான் மனசுக்குள்ள இருக்கற சாமியையெல்லாம் கூப்பிடுறேன்.

"இல்லீங்க டாக்டர், இன்னிக்குத்தான் ஒக்காந்திருக்கேன். சாயந்தரம் வெங்காயம் வந்துரும்."

கேக்கலையே மாமா

போச்சு, அட்மிஷன் நோட்டைத் தூக்கிக்கிட்டுத் தெருவுல அலையப் போறேன்னுதான் முதல்ல தோணுச்சு. மலர் மேல கோவம் கோவமா வந்துச்சு. ஒரு நிமிசம் கழிச்சுத்தான் எனக்குச் சுருக்குன்னுச்சு. மூணு வாரமா மலருக்காக அசையாத வெங்காயம், யாரோ ஒரு டாக்டருக்காக ஒரே காலையில அசைஞ்சிருச்சு. அசைக்கச் சொன்னது நான். வெட்கமாப் போச்சு. எனக்கு வெட்கமெல்லாம் லேசுல வராது.

ஓரமா நின்னுக்கிட்டிருந்த மாமனார் பக்கம் திரும்பினேன். "பெரியவரே, இது வெங்காயத்துக்குக் கட்டினது இல்லீங்க. மலரு உக்காந்து டீ குடிக்க இடம் கேட்டுச்சு, அதுக்காகக் கட்டினது. உங்ககிட்டச் சொல்ல எனக்குப் பயம்"னு டாக்டரம்மா முன்னாடியே போட்டு உடைச்சிட்டேன். அவர் கையில வெறுங்கூடை இருந்துச்சு. அதைக் கீழ வச்சார். மருமகளைப் பார்த்தார். "எட்டு வருசமா இந்த வூட்டுல இருக்க. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"ன்னு கேட்டார். குரல்ல கோவம் இருந்துச்சு, ஆனா அது யார் மேலன்னு அவருக்கே தெரியல. மலர் எந்திரிக்கல. மாமனாருக்கு முன்னாடி அது உக்காந்து நான் பார்த்தது அன்னிக்குத்தான். "கேக்கலையே மாமா"ன்னு சொல்லுச்சு. டாக்டரம்மா டம்ளருக்குள்ளயே பார்த்துக்கிட்டிருந்தாங்க.

டாக்டரம்மா, "வீட்ல கேட்டுட்டு யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்"னு கிளம்பிட்டாங்க. இந்தத் தொழில்ல அதுக்கு அர்த்தம் உங்களுக்கே தெரியும். காரு போன தூசி அடங்கற வரைக்கும் நான் வாசல்ல நின்னேன். திரும்பி வந்தா, பெரியவர் எதிர் நாற்காலியில உக்காந்திருக்கார். மலர் அவருக்கு டீ ஆத்திக் குடுத்துட்டு, மறுபடி தன் நாற்காலியில உக்காந்துக்கிச்சு. அவர் ஒரு வாய் குடிச்சார், மேல கீத்தைப் பார்த்தார், சந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு ஆசாரியோட வாங்க டீச்சரம்மா, வெங்காயத்துக்கு இதே மாதிரி இன்னொண்ணு போடணும். எங்க அண்ணன், சம்பந்தி வூட்டுக்கும் ரெண்டு வேணும். இந்தத் தபா யாருக்குக் கட்டுறோம்னு எல்லாரையும் நிக்க வச்சுச் சொல்லிட்டே கட்டுங்க."

திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வரலைன்னு சொல்லிட்டேன். ஆக, வீட்டை அழகு பண்ண ஐடியா எங்கேருந்து வருதுன்னு கேக்கறவங்களுக்கு நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: உங்க வீட்ல இதுவரைக்கும் யாரும் எதுவும் கேக்காத ஆளு ஒருத்தர் இருப்பார், அவரைக் கேளுங்க, ஆனா மாமனார் கூடையைத் தூக்கறதுக்கு முன்னாடியே கேட்டுருங்க.